மூச்சுப் பொத்தான்

அந்தத் தையல் கடையில் அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மாஸ்டர்கூட, "அக்கா, இந்த பேன்ட்டைக் கொஞ்சம் பாருங்க" என்பார். நாற்பத்தாறு வயதில் வேறொருத்திக்கு இது பிடிக்காமல் போயிருக்கும். இவளுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. யார் கூப்பிட்டாலும் திரும்புவாள். திரும்பியதோடு நிற்காமல் எழுந்தும் வருவாள். வந்ததோடு நிற்காமல், அவர்கள் கையில் இருப்பதைப் பிடுங்காத குறையாக வாங்கி, தானே செய்து முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு அவள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அது புதுத் துணி தைக்கிற கடை அல்ல. ஒரு பெரிய வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சின்ன அறை. மேல்மாடிக் கடைகளில் வாங்கிய உடுப்புகள் அங்கே வரும். இடுப்பைப் பிடிக்க வேண்டும், காலைக் குறைக்க வேண்டும், பல் போன ஜிப்பை மாற்ற வேண்டும். நாலு மிஷின், ஒரு இஸ்திரி மேஜை, போட்டுப் பார்க்க ஒரு திரை மறைவு. மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், அக்கா தன் டப்பாவை நாலு வாயில் முடித்துவிட்டு, அவர்கள் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போன துணிகளை ஒரு புரட்டு புரட்டுவாள். கோணலாக ஓடிய தையல் கண்ணில் பட்டால் போதும். பாதியாக உடைத்த பிளேடை எடுத்துச் சரசரவென்று நூலைப் பிரித்து, நேராக மறுபடி ஓட்டி, இஸ்திரி போட்டு, இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே மடித்து வைத்துவிடுவாள். தைத்தவள் திரும்பி வந்து, எல்லாம் தன் கைவேலை என்று நினைத்து மாஸ்டரிடம் நீட்டுவாள். மாஸ்டரும் தலையை ஆட்டுவார்.

இது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். பட்டன் துளை எடுக்கிற காஜாக்காரம்மாவுக்கு.

"உனக்கு வேற வேலையே இல்லையாக்கா? கோணலா இருக்குன்னு அவகிட்ட சொன்னா அவளே பிரிச்சுத் தைச்சுட்டுப் போறா."

"சொன்னா அவளுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். வர்றதுக்குள்ள முடிச்சு வெச்சுட்டா யாருக்கும் ஒண்ணும் இல்லை பாரு."

முப்பது வருஷமாக இப்படித்தான். கை பழகிய பழக்கம் மனசிலும் ஏறிவிட்டது.

வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி. அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அவனுக்கு ஆறு வயதாகும்போது அம்மா போய்விட்டாள், அப்பா அதற்கு முன்னாலேயே. அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் அக்காதான். பத்து வயது வரை ஊட்டிவிட்டாள். பதினாலு வயது வரை ஷூ நாடா கட்டிவிட்டாள். அவன் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டால், "சும்மா இருடா, நீ கட்டினா அரை மணி நேரம் ஆகும்" என்று அதட்டிவிட்டுக் கட்டுவாள். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று வந்தது. பதில் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. வந்தவர்களும் எத்தனை நாள்தான் காத்திருப்பார்கள்?

ஆனால் பையன் கெட்டிக்காரன். ஏசி மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டான். பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் வெயிலில் உட்கார்ந்து, செம்புக் குழாயில் சோப்பு நுரையைத் தடவி, எங்கே கேஸ் கசிகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவான். அவன் வாழ்க்கையில் அக்கா தலையிடாமல் விட்டது அந்த ஒரு வேலையில்தான். அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது என்பதால் விட்டாள். அதனாலோ என்னவோ, அவனுக்கு அந்த வேலை மேல் உயிர்.

முப்பத்திரண்டாவது வயதில் அவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவ ஆரம்பித்தது. தூக்கம் போதவில்லை என்றார்கள், சத்து போதவில்லை என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர் உட்கார வைத்து உள்ளதைச் சொன்னார். நரம்புகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துகொண்டே போகும், கை, கால், பேச்சு, மூச்சு என்று வரிசையாக. புத்தி மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும். அக்கா அந்த அறையில் அழவில்லை. வெளியே வந்து, சக்கர நாற்காலி எங்கே கிடைக்கும் என்று வாசலில் நின்றவரிடம் விசாரித்தாள். தம்பி அப்போது தன் காலில்தான் நடந்துகொண்டிருந்தான். "இப்பவே எதுக்குக்கா?" என்று கேட்டான் பாவம்.

வேலையை விட்ட அன்று, கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து அவனுக்கு ஒரு வீடியோ கேம் மிஷின் கொடுத்தார்கள். யாரோ ஆடிப் பழசானதுதான். அதற்குள் ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது. ஆகாயத்தில் எங்கோ தன்னந்தனியாக மிதக்கிற ஒரு கப்பல். அதில் எல்லாரும் செத்துப்போய், ஒரே ஒரு மெக்கானிக் மட்டும் பிழைத்திருக்கிறான். அவனும் கப்பலின் குளிரூட்டும் பிரிவு ஆள்! தம்பிக்குப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் வேண்டுமா? துப்பாக்கி கிடையாது. ஒரு டார்ச், ஒரு ஸ்பேனர், அவ்வளவுதான். கப்பலுக்குள் ஒரு பிராணி அலையும். கண் இல்லை, ஆனால் பாம்புக் காது. காலடி கேட்டாலும் வரும், மூச்சு கேட்டாலும் வரும். அது பக்கத்தில் வரும்போது ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொள்வான். ரொம்ப நேரம் பிடித்தால் திணறிச் சத்தம் போட்டுவிடுவான். சரியான நேரத்தில் அமுக்க வேண்டும், சரியான நேரத்தில் விட வேண்டும்.

முதல் நாள் அக்கா அதைப் பார்த்துவிட்டு, தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு அலறினாள்.

"ஐயோ! அந்தக் கருமத்தை நிறுத்துடா!"

"சித்தப்பா மாதிரியே நடக்குது பாருக்கா."

அவர்களுக்கு உண்மையிலேயே ஒரு சித்தப்பா இருந்தார். சொல்லாமல் கொள்ளாமல், சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்குத் திம் திம்மென்று படியேறி வருவார். அக்காவும் தம்பியும் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லாத மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதை நினைத்துச் சிரித்த சிரிப்பில் அக்காவுக்குப் பயம் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் பிராணிக்குச் சித்தப்பா என்றே பெயர்.

அவன் விரல்கள் சோரச் சோர, விளையாட்டின் பொத்தான்கள் ஒவ்வொன்றாக அக்காவின் கைக்கு வந்தன. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தலையணை, அதன்மேல் கன்ட்ரோலர். வலது பக்கம் அவள், இடது பக்கம் அவன். முதலில் பார்வை அவளுடையது, நடை அவனுடையது என்று ஆயிற்று. அதாவது மெக்கானிக்கின் தலையை அவள் திருப்புவாள், காலை அவன் நகர்த்துவான். கேட்க வேண்டுமா?

"நான் போற பக்கம் பாருக்கா!"

"நான் பாக்கற பக்கம் போடா!"

"சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கறியே, சுவத்துல என்ன ஜிப்பா கிழிஞ்சிருக்கு?"

அதற்குள் சித்தப்பா வந்து இரண்டு பேரையும் சேர்த்து விழுங்கிவிட்டுப் போய்விடுவார். இவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். அந்த எட்டு மாதம் அந்த வீட்டில் வியாதி இருந்தது உண்மைதான், ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு மேல் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. கடையில் ஆறு மணிக்கு மிஷின் மூடியைப் போட்டுவிட்டு அக்கா ஓடிவருகிற ஓட்டத்தைப் பார்த்தால், வீட்டில் பால் பொங்குகிறது என்று நினைப்பீர்கள்.

பிறகு நடையும் அவள் கைக்கு வந்தது. ஸ்பேனரும் வந்தது. கடைசியில் அவனுக்கென்று மிஞ்சியது ஒரு பொத்தான். இடது ஆள்காட்டி விரலின் கீழே, மூச்சைப் பிடிக்கிற பொத்தான்.

அந்த ஒரு விரலை வைத்துக்கொண்டு விளையாட்டின் கிட்டத்தட்ட முடிவுவரை வந்துவிட்டார்கள். அங்கே ஒரு அறை. கப்பலின் குளிரூட்டும் அறை. உள்ளே மூன்று வால்வுகளைத் திருக வேண்டும். மேலே குழாயில் சித்தப்பா தலைகீழாகத் தொங்கித் தூங்குகிறார். ஒவ்வொரு வால்வும் கிறீச்சிடும். சத்தம் கேட்டதும் அவர் இறங்கி வந்து மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். முதல் வால்வுக்கு ஆறு எண்ணும்வரை மூச்சைப் பிடித்தால் போதும். இரண்டாவதுக்கு எட்டு. மூன்றாவதுக்குப் பன்னிரண்டு.

அவன் விரல் ஒன்பதில் விட்டுவிடும். சில நாள் பத்தில்.

"இந்த ரூம் மட்டும் என்னுதுக்கா" என்றான் ஒருநாள். பேச்சு அப்போதே கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது. "பதினஞ்சு வருஷம் மத்தவங்க ரூமையெல்லாம் குளிர வெச்சேன். இதை ஒண்ணை என் விரலால முடிச்சுட்டேன்னா போதும். அப்பறம் எல்லாத்தையும் நீயே ஆடிக்கோ. இதுல மட்டும் நீ கை வைக்கக்கூடாது."

"நான் எதுக்குடா கை வைக்கப்போறேன்?"

"எனக்குத் தெரியாதா உன்னை? சத்தியம் பண்ணு."

அவள் அவன் தலையில் கை வைத்தாள். ஐம்பத்து மூன்று தடவை முயற்சி செய்தார்கள். அவன் எண்ணி வைத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வால்வில் விரல் தளரும், திரை சிவக்கும். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்பான். ஐம்பத்து மூன்றாவது தடவை அதையும் சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவனால் முடியாது. அக்கா துடைத்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் அவனுக்கு மூச்சுப் பரிசோதனை. மாடி வீட்டு டிரைவர் தன் காரில் கூட்டிப்போக வந்தார். ரிட்டயர் ஆனவர், தங்கமான மனுஷர். சக்கர நாற்காலியை மடித்துப் பின்சீட்டில் வைத்தால் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. "நீங்க வீட்ல இருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்கு லீவு சொல்லிவிட்ட அக்கா வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் துலக்கினாள். துணி மடித்தாள். அவன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள். பதினொரு மணிக்கெல்லாம் வேலை தீர்ந்துவிட்டது.

டிவி எதிரிலேயே இருந்தது.

நான் ஒரு தடவை ஆடிப் பார்த்தால், எங்கே பிடிக்கணும், எங்கே கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும் என்று அவனுக்குச் சொல்லித்தரலாமே. இதுதான் அவள் நினைத்தது. நம்ப வேண்டும், இதைத் தவிர வேறொன்றும் நினைக்கவில்லை. விளையாட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், திரையில் கப்பலின் சுவரில் இருக்கும் ஒரு பெட்டியில் அட்டையைச் செருக வேண்டும். அது அவளுக்குத் தெரியும். அட்டையைச் செருகாமல் நிறுத்திவிட்டால், ஆடியது ஆடாதது மாதிரிதானே? பிளேடால் பிரித்த தையல் மாதிரி, சுவடு இருக்காது.

முதல் தடவை செத்தாள். இரண்டாவது தடவை ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று எண்ணி முடித்து விரலை எடுத்தாள். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயில் ஏறிப் போய்விட்டார். எதிரே இருந்த இரும்புக் கதவு கடகடவென்று திறந்தது. அக்கா தன்னை மறந்து கைதட்டினாள். தட்டிய கையோடு எழுந்து மெக்கானிக்கைக் கதவுக்கு அந்தப் பக்கம் நடத்தினாள். பின்னால் கதவு மூடியது. திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் சுற்றி நின்றது. அது என்னவென்று புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

அந்த விளையாட்டில் ஒரே ஒரு பதிவுதான். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளும். அந்தக் கதவைத் தாண்டியதும், யாரையும் கேட்காமல் தானே எழுதிக்கொண்டுவிட்டது. அவள் எல்லாப் பக்கமும் தேடினாள். மிஷினை அணைத்துப் போட்டாள். மெக்கானிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தான். குளிரூட்டும் அறை முடிந்துபோயிருந்தது. திரும்பிப் போக வேண்டுமென்றால் முதலிலிருந்து ஆட வேண்டும்.

அவன் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம்! பன்னிரண்டு மணிக்கு வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டபோது, அவள் மிஷினை ஒயரோடு உருவி, ஒரு துணிப்பையில் போட்டு, சமையலறை அலமாரிக்குள் தள்ளியிருந்தாள். இன்னொருத்தியாக இருந்தால் வாசலிலேயே சொல்லி அழுதிருப்பாள். இவளுக்கு அது வரவே வராது. அவன் பார்ப்பதற்குள் சரிசெய்துவிட வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

"மிஷின் எங்கக்கா?"

"புகை வந்துச்சுடா. ரிப்பேருக்குக் குடுத்துட்டேன்."

"எந்தப் பக்கம் புகை? ஃபேன் சுத்துச்சா?"

"பக்கம் என்ன பக்கம்... எல்லாப் பக்கமும்தான் வந்துச்சு."

தம்பியும் மெக்கானிக்தானே, அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

காஜாக்காரம்மாவின் வீடு கடைக்குப் பின் தெருவில்தான். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான், அவன் அறையில் டிவி சும்மா கிடந்தது. அக்கா மிஷினை அங்கே கொண்டுபோய் வைத்தாள். முதலிலிருந்து ஆட ஆரம்பித்தாள், மதியம் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை. வீட்டில், பள்ளிக்கூட யூனிஃபார்ம் சீசன், கடையில் வேலை குவிந்துவிட்டது என்று சொல்லியாயிற்று. பகலில் தம்பியைப் பார்த்துக்கொள்கிற மாடி வீட்டு டிரைவரிடம், எட்டரை மணி வரை அவனோடு இருந்து சாப்பாடும் ஊட்டிவிடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

தனியாக ஆடும்போதுதான் அந்த விளையாட்டு எவ்வளவு பயங்கரம் என்று அவளுக்குத் தெரிந்தது. இருட்டு நடைக்கூடங்கள், சொட்டுகிற தண்ணீர், தூரத்தில் திம் திம். சித்தப்பா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. காஜாக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்தபடி, "பின்னாடி பாரு! ஐயோ, பின்னாடி!" என்று கத்தி, இருக்கிற பயத்தையும் கூட்டுவாள்.

"ஏன்க்கா இந்தப் பாடு? தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன?"

"உனக்குத் தெரியாது. அந்த ஒண்ணுதான் அவன் கேட்டான். நான் கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? அவன் கண்ணுல படறதுக்குள்ள பழையபடி வெச்சுடறேன்."

"அவன் என்ன உன்னை அடிக்கவா போறான்?"

"அடிச்சா தேவலையே" என்றாள் அக்கா.

பழையபடி என்றால் அச்சு அசல் பழையபடி. குளிரூட்டும் அறை வாசலில் நின்றபோது மெக்கானிக்கின் பையில் நாலு பேட்டரியும் இரண்டு கட்டுத்துணியும் இருந்தன. தம்பிக்கு அதெல்லாம் மனப்பாடம். இந்தத் தடவை ஐந்து பேட்டரி மிஞ்சிவிட்டது என்று, வெளிச்சமான இடத்தில் டார்ச்சை எரியவிட்டு ஒன்றைத் தீர்த்தாள். எந்த அலமாரிக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள், எதை மூடிவிட்டார்கள் என்பதுகூட யோசித்து யோசித்துச் செய்தாள்.

எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் அவன் பாதித் தூக்கத்தில் இருப்பான். காலையில் குளிப்பாட்டி, உடுத்தி, கஞ்சி கொடுத்து, ஓட்டமாக ஓடினால்தான் கடை. இடது கையை அவன் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொள்வதை அவள் பார்த்தாள். குளிர்கிறது போலிருக்கிறது என்று போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். குளிப்பாட்டும்போது அந்தக் கை துவண்டு கிடந்ததும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டதோ, படாத மாதிரி இருந்துவிட்டாளோ, அது அவளுக்கே தெரியாது.

பத்தொன்பது நாள் ஆயிற்று. இருபதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ரிப்பேர் ஆயிடுச்சுடா! எல்லாம் அப்படியே இருக்கு. விட்ட இடத்துலேயே இருக்கு."

அவனும் சிரித்தான். ஒயரை மாட்டி, தலையணையை நடுவில் போட்டு, கன்ட்ரோலரை வைத்தாள். திரையில் குளிரூட்டும் அறையின் வாசல். தம்பி மெக்கானிக்கின் பையைத் திறந்து காட்டச் சொன்னான். நாலு பேட்டரி, இரண்டு கட்டுத்துணி. "ம்" என்றான். அவள் அவனுடைய இடது கையைப் போர்வையிலிருந்து எடுத்து, ஆள்காட்டி விரலை மூச்சுப் பொத்தான்மேல் வைத்தாள். விரல் பொத்தானில் தங்காமல் வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தாள்.

முதல் வால்வைத் திருகினாள். கிறீச். சித்தப்பா இறங்கி வந்தார்.

"அமுக்குடா!"

விரல் அசையவில்லை. ஒன்றுவரைகூட எண்ணவில்லை, திரை சிவந்துவிட்டது. இன்னொரு தடவை ஆடினார்கள். அவன் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்த்தது. அந்த உடம்பில் மிச்சம் இருந்த எல்லாவற்றையும் அந்த ஒரு விரலுக்கு அனுப்பிப் பார்த்தான். விரல் பொத்தான்மேல் அப்படியே கிடந்தது.

"எப்பலேர்ந்துடா?" அக்கா அந்த விரலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"போன வாரம். அதுக்கு முன்னாடி வாரம்கூட நல்லாத்தான் இருந்துச்சு. டிரைவர் சாரை எண்ணச் சொல்லி, கட்டில் கம்பியில அமுக்கிப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருநாள் பதிமூணுகூட வந்துச்சு."

பதிமூன்று. அவள் காதில் அந்த எண் விழுந்து, உள்ளே இறங்க நேரம் ஆயிற்று.

"நீயே அமுக்குக்கா" என்றான். "முடிச்சுப் பாப்போம்."

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அவன் விடவில்லை. அவன் விரலுக்கு அடியிலிருந்து கன்ட்ரோலரை எடுத்து ஆடினாள். பத்தொன்பது நாள், தினமும் மூன்று மணி நேரம் ஆடிய கை அல்லவா? முதல் வால்வு, இரண்டாவது, மூன்றாவது. எங்கேயும் தடுமாறவில்லை. கதவு திறந்தது. மூலையில் வட்டம் சுற்றியது.

அவன் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது உனக்கு முதல் தடவை இல்லை."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் தலையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். செவ்வாய்க்கிழமை, இரண்டாவது தடவை, கைதட்டியது, காஜாக்காரம்மா வீடு, யூனிஃபார்ம் என்று சொன்ன பொய், தீர்த்துவிட்ட பேட்டரி. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"புகை வந்துச்சுன்னு சொன்னப்பவே பொய்னு தெரியும்" என்றான்.

"அப்ப ஏன்டா கேக்கல?"

"நான் தோக்கறதப் பாத்துப் பாத்து உனக்கு அலுத்துப்போச்சு, அதான் நீ எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்னு நெனச்சேன். யூனிஃபார்ம் சீசன் இப்ப இல்லைன்னும் தெரியும். என்னோட உக்காரப் பிடிக்கலை போலன்னு விட்டுட்டேன். கேட்டா நீ அழுவே."

"அடப்பாவி! உன்னோட உக்காரவாடா எனக்குப் பிடிக்கலை?"

அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பேசுவது அவனுக்கு இப்போது மாடிப்படி ஏறுகிற வேலை. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"சொல்லியிருந்தா ஒரு நாள் திட்டியிருப்பேன்க்கா. நல்லா திட்டியிருப்பேன். மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் உக்காந்து முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருப்போம். ரெண்டு வாரம் விரல் இருந்துச்சு."

அந்த இரண்டு வாரமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை, பின் தெருவில் இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து, பேட்டரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள் அவள். அவன் இங்கே இரும்புக் கம்பியை அமுக்கிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"இப்ப ஆரம்பிக்கலாமாடா? முதல்லேர்ந்து? எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. கடைக்கு லீவு போட்டுடறேன்."

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, கோபம் துளிகூட இல்லாமல் சொன்னான்.

"ஆடுக்கா. நான் பாக்கறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது ஆட்டத்தை ஆரம்பித்து, கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். திரையில் மெக்கானிக் கப்பலின் முதல் அறையில் கண்விழித்து, நடக்கச் சொல்லக் காத்துக்கொண்டு நின்றான். நடை, பார்வை, ஸ்பேனர், மூச்சு, எல்லாப் பொத்தானும் அவள் விரல்களுக்கு அடியில் இருந்தன. தம்பி திரையைப் பார்த்தபடி காத்திருந்தான். அவள் எதையும் அமுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.